ஐம்பத்தெட்டோடு இரண்டு

இரவு இரண்டு பத்து.
யுவாஸ்கூலாவின் ஏரி
மார்ச் மாதப் பனிக்கட்டிக்குக் கீழே அசையாமல் கிடக்கிறது.
தரைக்கடியில், முடுக்கியின் கூடத்தில்
யுரேனியத் தகட்டின்மேல் புரோட்டான்கள் பொழிகின்றன.
உடைந்து தெறிப்பவற்றில்
நாங்கள் கேட்ட நிறையெண்ணை மட்டும்
காந்தம் பொறுக்கி அனுப்புகிறது.

ஹெல்லெவி காபி ஊற்றுகிறாள்.
தௌனோ கைப்பேசியைக் கவிழ்த்து வைக்கிறான்,
மறுபடி நிமிர்த்துகிறான்.

இன்று எதையும் கண்டுபிடிக்கப் போவதில்லை, இந்த மணி வரைக்கும்.
புது உணர்கருவி ஒழுங்காக எண்ணுகிறதா என்று
தெரிந்த ஒன்றை அளந்து பார்க்கிறோம்.
புதுத் தராசு வாங்கியவர்
முதலில் படிக்கல்லையே நிறுத்துப் பார்ப்பாரே, அப்படி.

முதலில் தொண்ணூற்றெட்டு.
யிட்ரியமாக வந்து இறங்கி
ஒரு வினாடிக்குள் சிர்க்கோனியம் ஆகிவிடும்.
நாற்பது புரோட்டான், ஐம்பத்தெட்டு நியூட்ரான்.
உருண்டை என்கிறார்கள். யார் பார்த்தது?
லேசில் கிளர்ந்துவிடாது என்பது மட்டும் தெரியும்:
முதற்படி ஏற
ஆயிரத்து இருநூற்று இருபத்துமூன்று கிலோ எலக்ட்ரான் வோல்ட்.
திரையில் அந்த இடத்தில் கூம்பு.
ஹெல்லெவி பதிவேட்டில் ஒரு டிக் போட்டாள்.

உருண்டைக்குச் சுழலத் தெரியாது.
சுழன்றாலும் என்ன மாறிவிடும்?
முன்பக்கம் இல்லாத ஒன்று
எந்தப் பக்கம் திரும்பியது என்று யார் சொல்வது?
எங்கேயாவது கொஞ்சம் நீண்டிருக்க வேண்டும்
திரும்பினேன் என்பதற்குச் சாட்சியாக.

பிறகு நூறு.
இரண்டே நியூட்ரான் அதிகம்.
மின்னூட்டம் கிடையாது, எதையும் விரட்டாது.
சவுனாவுக்குத் தாமதமாக வந்து
வாய் திறக்காமல் கதவோரம் உட்காரும்
இரண்டு பேர் மாதிரி.
பத்தோடு பதினொன்று என்றுதான் தோன்றும்.

ஆயிரத்து இருநூறில் ஒன்றும் இல்லை.
இருக்காது என்று தெரியும்,
நாங்கள் பிறக்கும் முன்பே அளந்து எழுதியாயிற்று.
தெரிந்தும் என் கண் அங்கேயே நின்றது.
கீழே, வெகு கீழே,
இருநூற்றுப் பன்னிரண்டில் எழுந்து நின்றது கூம்பு.
அதற்கு இப்பால் முந்நூற்று ஐம்பத்திரண்டில் இன்னொன்று,
சுழற்சியின் இரண்டாம் படி.
இரண்டு பேர் உட்கார்ந்ததற்கு
பெஞ்சு முழுக்க இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது.
உருண்டை போய், இரு முனையும் ஒன்றுபோல் நீண்ட பந்து.

ஹெல்லெவி சொல்வாள், அது புதிதாகப் பிறந்த வடிவம் இல்லை என்று.
தொண்ணூற்றெட்டிலேயே இருந்தது,
மாடியில், யாரும் எட்டிப் பார்க்காத அறையில்.
இரண்டு பேர் வந்ததும்
அது கீழ்வீட்டுக்குக் குடிவந்தது,
உருண்டை பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடியேறியது.
வீடு அதே வீடு.
அதுவும் எவ்வளவு நேரத்துக்கு?
ஏழு வினாடியில் பாதி காலி.

மூன்றே முக்காலுக்கு ஒரு வெற்றிடப் பம்பு நின்றது.
எதற்காக இந்த வாரத்தைக் கெஞ்சி வாங்கினோமோ
அந்த நூற்றுப் பத்து வரவே இல்லை.
ஆளுக்கொரு திருகாணியை முறைத்தபடி இருந்தோம்.

அப்போதுதான் தௌனோ, யாரும் கேட்காமலே:
"தங்கச்சி பிள்ளைகள் வந்து மூணு வாரம்.
நலத்துறையில் சொன்னார்கள்,
ரெண்டு பேர்தானே, சின்னவர்கள்தானே என்று."
சற்றுப் பொறுத்து:
"சாப்பாட்டு மேசை இப்போது ஜன்னலோரம் இல்லை.
நான் எங்கே தூங்குகிறேன் என்று
தினம் ராத்திரிதான் தெரியும்."
ஹெல்லெவி சிரிக்கவில்லை.
அவனும் குறையாகச் சொன்னதுபோல் இல்லை.

ஆறரைக்கு வெளியே வந்தோம்.
பனிக்குள் இன்னும் நீல இருட்டு.
பதினாறு வருடமாக அவன் கார் இங்கிருந்து கிளம்புவதை
நான் கவனித்ததே கிடையாது.
இன்று கூரைமேல் கட்டிய சின்னச் சின்ன ஸ்கீ பலகைகள்
முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டிருக்க,
வாசல் விளக்கின் கீழ்
அது திரும்புவது தெரிந்தது.